தான்சானியா சஃபாரி புக் செய்யும் முன்: வண்டி யாருடையது, வழிகாட்டி யார்?

வடக்குத் தான்சானியாவில் சஃபாரிகள் கிளம்பும் நகரமான அருஷாவில் உள்ள ஏதாவது ஒரு சஃபாரி கம்பெனியின் விமர்சனங்களைத் திறந்து பாருங்கள். மே மாதம் போனவர் வழிகாட்டியைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பார். ஆகஸ்டில் போனவர், வண்டி பாதி வழியில் நின்றது, ஓட்டுநருக்குக் கழுகுக்கும் பருந்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று கொதித்திருப்பார். கம்பெனி ஒன்றுதான். இருவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான்.

காரணம் எளிது. அருஷாவில் பல கம்பெனிகளுக்குச் சொந்தமாக இருப்பது இரண்டு மூன்று லேண்ட் குரூஸர்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை, கிறிஸ்துமஸ் வாரம், வில்டபீஸ்ட் என்னும் மாடு போன்ற மான்கள் குட்டி போடும் பிப்ரவரி என்று கூட்டம் நெரியும் நாட்களில் இருக்கிற வண்டிக்கு மேல் புக்கிங் எடுத்துவிடுவார்கள். மீதிக்கு வெளியிலிருந்து வண்டியை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுப்பார்கள். அந்த ஓட்டுநர் யாரென்று புக்கிங் எடுத்தவருக்கே முந்தின நாள் ராத்திரிதான் தெரியும். நீங்கள் கம்பெனியின் பெயரைப் பார்த்துப் பணம் கட்டுகிறீர்கள். ஐந்து நாளும் நீங்கள் உட்கார்ந்திருக்கப் போவதோ யாரோ ஒருவரின் வண்டியில். எனவே விசாரணையை அங்கிருந்து தொடங்குங்கள்.

விமர்சனத்தை எப்படிப் படிப்பது

நட்சத்திரக் கணக்கை விடுங்கள். நீங்கள் போகும் அதே மாதத்தில் போனவர்கள் எழுதியதை மட்டும் தேடுங்கள். ஒரே வழிகாட்டியின் பெயர் இரண்டு மூன்று ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்தால் அவர் அங்கே நிரந்தர ஆள் என்று பொருள். ஒவ்வொரு விமர்சனத்திலும் புதுப் பெயர் வந்தால் சந்தேகப்படலாம். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதுவதில்தான் விஷயம் இருக்கும். ஐந்து கொடுத்தவர் மயக்கத்தில் எழுதுவார், ஒன்று கொடுத்தவர் கோபத்தில் எழுதுவார்.

குறைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நிகோரோங்கோரோ என்னும் பழைய எரிமலைப் பள்ளத்துக்குள் ஒட்டகச்சிவிங்கியே காட்டவில்லை என்று வழிகாட்டியைத் திட்டுபவர்கள் உண்டு. சுமார் 600 மீட்டர் ஆழம், செங்குத்தான சுவர். அதில் ஒட்டகச்சிவிங்கி இறங்குவதில்லை. தாரங்கிரே பூங்காவில் காண்டாமிருகம் கேட்பதும், பிப்ரவரியில் மாரா ஆற்றை வில்டபீஸ்ட் கூட்டம் தாண்டுவதைக் காட்டச் சொல்வதும் இதே வகை. ஆறு தாண்டுவது ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில்; பிப்ரவரியில் கூட்டம் தெற்கே நுடுட்டுப் பக்கம் இருக்கும். இந்தக் குறைகளைத் தள்ளிவிடலாம். வண்டிப் பழுது, தாமதமாகக் கிளம்புவது, சொன்ன லாட்ஜ் மாறியது, கடை கடையாகக் கூட்டிப் போனது: இவைதான் கம்பெனியின் கணக்கில் சேரும்.

மலிவு விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு கொட்டேஷன் நியாயமானதா என்று தெரிந்துகொள்ள நல்ல வழி, அரசுக் கட்டணத்தைத் தனியாகக் கூட்டிப் பார்ப்பது. வடக்குச் சுற்று ஐந்து நாள் என்று வைத்துக்கொள்வோம்: முதல் நாள் தாரங்கிரே, இரவு கராட்டு ஊரில், அடுத்த இரண்டு இரவு செரங்கெட்டிக்குள், நான்காம் இரவு நிகோரோங்கோரோ விளிம்பில், ஐந்தாம் நாள் பள்ளத்தில் இறங்கிவிட்டு அருஷா. அண்மை ஆண்டுகளின் சீசன் கட்டணப்படி, 18 சதவீத வாட் வரியோடு, வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு:

தாரங்கிரே 59 டாலர். செரங்கெட்டி 24 மணி நேரத்துக்கு 82.60, இரண்டு முறை 165.20. செரங்கெட்டிக்குள் லாட்ஜில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் 70.80, இரண்டு இரவுக்கு 141.60. நிகோரோங்கோரோ நுழைவு 70.80. செரங்கெட்டிக்குப் போகும் வழியே அதற்குள்தான் என்பதால் போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று, ஆக 141.60. பள்ளத்தில் இறங்க வண்டிக்கு 295. இருவர் மட்டும் போனால் தலைக்கு 147.50.

மொத்தம் 654.90 டாலர். விளிம்பில் தங்கும் இரவுக்கான வரியை இதில் சேர்க்கவே இல்லை. இப்போது ஒருவர் "நாளுக்கு 150 டாலர், எல்லாம் உள்ளே" என்று கொடுக்கிறார் என்றால் ஐந்து நாளுக்கு 750. மிச்சம் 95. இருவருக்குச் சேர்த்து 190 டாலரில் ஐந்து நாள் லேண்ட் குரூஸர், டீசல், வழிகாட்டி சம்பளம், நான்கு இரவு அறை, சாப்பாடு எல்லாம் வர வேண்டும். வராது. ஒன்று, உங்களைத் தெரியாத நான்கு பேரோடு ஒரே வண்டியில் ஏற்றுவார்கள். அல்லது பார்க்குக்கு வெளியே தங்கவைத்துத் தினமும் இரண்டு மணி நேரம் சாலையில் ஓட்டுவார்கள். அல்லது வழிகாட்டிக்குச் சம்பளமே இல்லாமல் "டிப்ஸில் பார்த்துக்கொள்" என்று அனுப்புவார்கள். அந்த வழிகாட்டி உங்களைக் கைவினைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போவதில் ஆச்சரியம் இல்லை. கமிஷன்தான் அவருக்குக் கூலி.

கட்டணப் பட்டியல் பொதுவாக ஜூலை 1 அன்று மாறும். மார்ச் நடு முதல் மே நடு வரை செரங்கெட்டிக் கட்டணம் சற்றுக் குறையும். புக் செய்யும் நாளில் பார்க் நிர்வாகம் வெளியிட்ட பட்டியலை வைத்தே கூட்டுங்கள்.

24 மணி நேரக் கடிகாரம்

பாதி மனக்கசப்புக்கு இதுதான் வேர். செரங்கெட்டியின் நாபி ஹில் வாயிலில் இரண்டாம் நாள் மதியம் 1 மணிக்குப் பதிவானால், இரண்டு கட்டணத்துக்கு நான்காம் நாள் மதியம் 1 மணி வரைதான். ஒரு நிமிடம் தாண்டினாலும் தலைக்கு இன்னொரு 82.60. சிறுத்தை மரத்திலிருந்து இறங்கப் போகிற நேரத்தில் வழிகாட்டி வண்டியைக் கிளப்பினால் அவர் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். செரங்கெட்டியின் நடுவில் உள்ள செரோனேராவிலிருந்து நாபி ஹில் வாயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நிகோரோங்கோரோவிலும் அதே கடிகாரம்தான். அங்கே நுழைவு ஒருமுறைக்கு மட்டும். மாலையில் வெளியே வந்து கராட்டுவில் தூங்கிவிட்டு மறுநாள் காலை பள்ளத்துக்குப் போனால் மறுபடியும் கட்ட வேண்டும். விளிம்பில் தங்கினால் அது மிச்சம், ஆனால் அறை விலை கூடும். கம்பெனி எந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது என்று முன்பே கேட்டுவிடுங்கள். விளிம்பு 2,300 மீட்டர் உயரம். ஜூலை இரவில் ஸ்வெட்டர் போதாது.

யாரிடம் வாங்குகிறீர்கள்

விற்பவர்கள் நான்கு வகை: சொந்த வண்டி வைத்து நடத்தும் அருஷா கம்பெனி, வெப்சைட் மட்டும் வைத்துக்கொண்டு புக்கிங்கைக் கைமாற்றும் தரகர், சென்னை, மும்பை, லண்டனில் இருக்கும் ஏஜென்ட், அருஷா மணிக்கூண்டுப் பக்கம் பின்னாலேயே வரும் ஃப்ளைகேட்சர் என்னும் தெருத் தரகர். கடைசி ஆளிடம் பேச்சே வேண்டாம். தரகரோ ஏஜென்டோ மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் தரையில் யார் நடத்துகிறார்கள் என்று பெயர் சொல்லாவிட்டால் விலகிவிடுங்கள்.

தான்சானியாவில் சஃபாரி நடத்த டாலா என்று அழைக்கப்படும் சுற்றுலாத் தொழில் உரிமம் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய காகிதம் அது. நடப்பு ஆண்டின் பிரதியைக் கேளுங்கள். டாட்டோ என்னும் சஃபாரி கம்பெனிகளின் சங்கத்தில் உறுப்பினர் என்று லோகோ போட்டிருந்தால், சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். லோகோவை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். கென்யாவில் இதற்கு இணையான சங்கம் கேட்டோ.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

போனில் பேசுவதெல்லாம் காற்றோடு போகும். இந்தக் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள்:

- வண்டி உங்கள் சொந்தமா, வாடகையா? பதிவு எண் என்ன?
- வண்டியில் எங்களைத் தவிர யாராவது வருவார்களா? அதிகபட்சம் எத்தனை பேர்? எல்லோருக்கும் ஜன்னல் இருக்கை உண்டா?
- வழிகாட்டியின் பெயர் என்ன? உங்களிடம் எத்தனை ஆண்டு?
- ஒவ்வோர் இரவும் எந்த லாட்ஜ், எந்தப் பகுதியில்? அறை இல்லையென்றால் மாற்று எது?
- எந்த நாள் எத்தனை மணிக்கு எந்த வாயில்? எத்தனை நுழைவுக் கட்டணம் சேர்த்திருக்கிறீர்கள்?
- ஒரு நாளைக்குக் கிலோமீட்டர் வரம்பு உண்டா?
- வண்டி நின்றால் மாற்று வண்டி எத்தனை மணி நேரத்தில் வரும்?

"செரங்கெட்டி பகுதியில் லாட்ஜ்" என்ற சொல்லைப் பார்த்தால் உஷாராகுங்கள். பகுதி என்பது வாயிலுக்கு வெளியே இருக்கலாம். "அல்லது அதற்கு இணையான" என்ற வாசகமும் அப்படித்தான். இணையானவற்றின் பெயர்களையும் எழுதச் சொல்லுங்கள். கிலோமீட்டர் வரம்பைப் பலர் கேட்பதே இல்லை. டீசல் செலவைக் குறைக்கச் சில கம்பெனிகள் ஓட்டுநருக்கு அளந்து கொடுக்கும். மூன்று மணிக்கே "விலங்கெல்லாம் தூங்குது" என்று லாட்ஜுக்குத் திருப்புவதன் ரகசியம் அதுதான்.

அட்வான்ஸாக 20 முதல் 30 சதவீதம் கேட்பது வழக்கம். பாதிக்கு மேல் கேட்டால் காரணம் சொல்லட்டும். பணம் கம்பெனியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். தனி ஆளின் கணக்குக்கோ மொபைல் பண எண்ணுக்கோ அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். கார்டில் கட்டினால் சில சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். முதல் முறை பழகும் கம்பெனி என்றால் அந்தக் காசு வீண் இல்லை. தகராறு வந்தால் வங்கியிடம் முறையிடலாம்.

வண்டி

முதல் நாள் காலை, பையை ஏற்றும் முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஸ்டெப்னி இரண்டு இருக்க வேண்டும். நிகோரோங்கோரோவின் லோடுவாரே வாயிலோடு தார்ச்சாலை முடிகிறது. அதற்கப்பால் நாபி ஹில் வரை அலை அலையான கற்சாலை, கூரான கல். ஒரு ஸ்டெப்னியோடு போவது சூதாட்டம். டயரில் பள்ளம் தேய்ந்திருக்கிறதா, கூரை முழுசாகத் திறக்கிறதா, ரேடியோ வேலை செய்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். சரியில்லை என்றால் அங்கேயே சொல்லுங்கள். அருஷாவில் மாற்று வண்டி ஒரு மணி நேர வேலை. செரோனேராவில் சொன்னால் ஒரு நாள் போய்விடும்.

வழிகாட்டி

தான்சானியாவில் ஓட்டுபவரே வழிகாட்டி. நல்லவரை முதல் மணி நேரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். விலங்கைப் பார்த்ததும் எஞ்சினை அணைப்பார். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்து நிறுத்துவார். சிங்கம் இல்லாத இடத்திலும் சொல்ல ஏதாவது வைத்திருப்பார்: கழுதைப்புலியின் எச்சம் ஏன் வெள்ளையாக இருக்கிறது, மான்கள் ஏன் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன. மோசமானவர் ரேடியோவை மட்டும் நம்பி, யாரோ கண்டுபிடித்த சிறுத்தையை நோக்கிப் புழுதி பறக்க ஓடுவார். அங்கே ஏற்கெனவே இருபது வண்டி நிற்கும். சிம்பா சிங்கம், சூயி சிறுத்தை, டூமா சிவிங்கிப்புலி, ஃபாரு காண்டாமிருகம், டெம்போ யானை. இந்த ஐந்து சுவாஹிலிச் சொல்லைத் தெரிந்துவைத்துக்கொண்டால் ரேடியோவில் ஓடுவது உங்களுக்கும் பாதி புரியும்.

பாதையை விட்டு இறங்கி விலங்கின் அருகில் போகச் சொல்லி நீங்கள் வற்புறுத்தாதீர்கள். செரங்கெட்டியின் நடுப்பகுதியில் அதற்கு அபராதம் உண்டு, மாட்டுவது வழிகாட்டி.

பிடிக்கவில்லை என்றால் ஊர் திரும்பி எழுதலாம் என்று பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். முதல் நாள் மாலையே அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, என்ன வேண்டும் என்று மூன்று வரி போதும். கராட்டுவில் இருக்கும்வரை ஆளை மாற்ற முடியும்.

கென்யாவின் மசாய் மாரா என்றால்

அங்கே நுழைவுச் சீட்டு 24 மணி நேரம் அல்ல, காலை 6 முதல் மாலை 6 வரை மட்டும். 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவருக்கு ஜனவரி–ஜூன் 100 டாலர், ஜூலை–டிசம்பர் 200 டாலர். நைரோபியிலிருந்து "மூன்று நாள் மாரா" என்று விற்பதில் எத்தனை சீட்டு இருக்கிறது என்பதுதான் கேள்வி. மாலை மூன்று மணிக்கு வந்து சேர்ந்தாலும் முழுக் கட்டணம் என்பதால், மலிவுப் பேக்கேஜில் முதல் நாள் மாலை வாயிலுக்கு வெளியே முகாமில் உட்காரவைத்துவிடுவார்கள். வழிகாட்டிகளின் சங்கம் அங்கே வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தேர்வு வைத்துப் பட்டை கொடுக்கிறது. எந்தப் பட்டை என்று தயங்காமல் கேட்கலாம். இந்தியா திரும்புபவர்களிடம் கென்யா போய் வந்ததற்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே அது செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.

சாப்பாடும் டிப்ஸும்

லஞ்ச் பாக்ஸ் என்றால் கோழித்துண்டு, அவித்த முட்டை, வாழைப்பழம், ஜூஸ். "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் முட்டை நிச்சயம் வரும். முட்டை, மீன் எதுவும் கூடாது என்று தனித்தனியாக எழுதுங்கள். நிகோரோங்கோரோ பள்ளத்தின் ஙோய்ட்டோகிடோக் குளக்கரையில் பெட்டியை வெளியே திறக்காதீர்கள். அங்கே கள்ளப்பருந்து பெயருக்கேற்றபடி கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போகும், நகம் கீறும். வண்டிக்குள்ளேயே சாப்பிடுங்கள்.

டிப்ஸ், தனி வண்டி என்றால் வழிகாட்டிக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 டாலர், ஒரு வண்டிக்கு, தலைக்கு அல்ல. முகாமில் சமையல்காரர் கூட வந்தால் அவருக்குத் தனி உறையில். அலுவலகத்தில் கொடுத்துப் பிரித்துக்கொடுக்கச் சொல்ல வேண்டாம். கடைசி நாள் அவரவர் கையில். பழைய டாலர் நோட்டை, அதிலும் 2006க்கு முன் அச்சானதை, அங்கே யாரும் வாங்குவதில்லை. கிழிசலும் மையும் இல்லாத நோட்டாகக் கொண்டு போங்கள்.