களப்பணிக்கு லினக்ஸ் ரக்கட் லேப்டாப், டேப்லெட்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ரக்கட் என்றால் அடி, தூசி, தண்ணீர் தாங்கும்படி செய்த கருவி. விளம்பரத்தில் ‘மில்-எஸ்டிடி-810ஹெச்’ என்று இருந்தால் மட்டும் போதாது. அது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைத் தொகுப்பு. அதில் எந்தெந்தச் சோதனையைச் செய்வது என்பது தயாரிப்பாளர் விருப்பம். 26 முறை கீழே போடும் சோதனையை ஐந்து கருவிகள் வரை பிரித்துச் செய்யலாம். அதனால் எத்தனை அடி உயரத்திலிருந்து போட்டார்கள், அப்போது கருவி ஓடிக்கொண்டிருந்ததா என்று கேளுங்கள்.

தூசி, தண்ணீரை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஐபி எண்ணில் முதல் இலக்கம் தூசிக்கு, அடுத்தது தண்ணீருக்கு. ஐபி53 சாரலைத் தாங்கும், ஆனால் தூசி கொஞ்சம் உள்ளே போகும். குவாரிக்கும் வயலுக்கும் ஐபி65-க்குக் கீழே இறங்காதீர்கள். பழைய கருவி என்றால் போர்ட் மூடிகளின் ரப்பர் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். வெடிப்போ மணலோ இருந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். மூடியைத் திறந்து கேபிள் செருகியிருக்கும்போது ஐபி எண்ணை நம்ப முடியாது.

வெயிலில் படிக்க 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) திரை வேண்டும்.

இனி லினக்ஸ். பெரும்பாலும் சிக்கல் தருவது பிராசசர் அல்ல, அதைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன பாகங்கள்தான். விண்டோஸை அழிக்காமல் லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். இன்டெலின் பே டிரெயில் ஆட்டம் சிப் உள்ள பழைய டேப்லெட் பலவற்றில் யூஇஎஃப்ஐ (கருவியைப் பூட் செய்யும் அடிப்படை மென்பொருள்) 32 பிட். வழக்கமான 64 பிட் பென்டிரைவ் அதில் பூட் ஆகாது.

ஜிபிஎஸ்ஸை வெட்டவெளியில் பத்து நிமிடம் விட்டுச் சோதியுங்கள், அறைக்குள் சிக்னல் கிடைக்காது. சில கருவிகளில் அது எல்டிஇ (4ஜி) மோடத்துக்குள்ளேயே இருக்கும்.

மோடம் பட்டியலில் தெரிந்தும் இணைப்பு வரவில்லையா? எஃப்சிசி பூட்டாக இருக்கலாம்: அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் விதிக்காகத் தயாரிப்பாளர் மோடத்தில் போடும் பூட்டு அது. லினக்ஸில் மோடத்தை இயக்கும் மோடம்மேனேஜர் மென்பொருள் 1.18.4 பதிப்பு முதல் அதைத் தானாகத் திறப்பதில்லை. உரிய ஸ்கிரிப்டை நீங்களே இயக்கத்தில் வைக்க வேண்டும்.

டச் திரையை ஈரக் கையாலும் கையுறையோடும் தொட்டுப் பாருங்கள். கையுறை முறையை மாற்றும் செயலி சில கருவிகளில் விண்டோஸுக்கு மட்டுமே உண்டு. இன்டெல் ஐபியு6 (சிப்பில் உள்ள படச் செயலாக்கப் பகுதி) வழி இயங்கும் கேமரா என்றால் லினக்ஸில் படம் வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

லேப்டாப் திரையை மூடி ஒரு மணி நேரம் பையில் வைத்து, எத்தனை சதவீதம் சார்ஜ் குறைந்தது, சூடேறியதா என்று குறித்துக்கொள்ளுங்கள். எஸ்2ஐடில் (முழுதாக அணையாத லேசான) உறக்கம் மட்டுமே உள்ள சில கருவிகள் பையிலேயே பேட்டரியைக் குடித்துவிடும்.

பேட்டரியின் இப்போதைய கொள்ளளவை லினக்ஸின் யூபவர் கருவி நிரல் காட்டும். வடிவமைப்புக் கொள்ளளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது: உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, செல் நிரந்தரமாகக் கெடும். பனிப்பகுதிக்குப் போகிறவர்கள் ஓடும்போதே மாற்றக்கூடிய இரட்டை பேட்டரி மாடலை வாங்கி, உபரி பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.