சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலேயே சைக்கிள் சங்கிலியைச் சுத்தம் செய்வது எப்படி?

கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் ஒரு காலைப்பொழுது சைக்கிள் ஓட்டிவிட்டு வீடு திரும்பியதும், சங்கிலியை விரலால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டுகிற கருப்புப் பசை வெறும் எண்ணெய் அன்று. எண்ணெயோடு மணலும் தேய்ந்த உலோகத் துகளும் குழைந்த கலவை அது. உப்புத்தாளைப் போல, மிதிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் சங்கிலியையும் பற்சக்கரங்களையும் அராவிக்கொண்டே இருக்கும்.

வேலையைத் தொடங்குமுன் சங்கிலியின் அமைப்பைச் சற்றுக் கவனிக்க வேண்டும். கண்ணிகளை இணைக்கும் ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் ஒரு சிறிய உருளை இருக்கிறது. உராய்வு பெரும்பாலும் அந்த உருளைக்கு உள்ளேதான் நிகழ்கிறது என்பதால், எண்ணெய் தேவைப்படும் இடமும் அதுவே. வெளிப்புறத்தில் துருவைத் தடுக்கும் மெல்லிய படலம் போதும். அதற்கு மேல் பூசப்படும் எண்ணெய் மணலைப் பிடித்து வைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. இதை அறியாமல் தொடக்க நாள்களில் சங்கிலி சொட்டும் அளவுக்கு எண்ணெய் ஊற்றி, காற்சட்டையின் ஓரத்தையும் கெடுத்துக்கொண்டவன் நான்.

சைக்கிள் கடைகளில் கிடைக்கும் டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்), சங்கிலிக்கென்றே விற்கப்படும் எண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம், பழைய பல் துலக்கி, கிழிந்த டி-சட்டைத் துணிகள், கையுறை, தரையில் விரிக்கப் பழைய தமிழ் முரசு நாளிதழ்கள் ஆகியவை போதும். ஊரில் சைக்கிள் கடைக்காரர்கள் மண்ணெண்ணெயில் ஊறவைப்பதைப் பார்த்திருப்போம். காற்றோட்டம் குறைந்த அடுக்குமாடி வீட்டுக்குள் அது வேண்டாம். சமையலறைத் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். நாளடைவில் அது பிசுபிசுத்துவிடும். வீட்டு வாசலுக்கு வெளியே வேலை செய்வதாக இருந்தால், பொதுத் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட்டாக வேண்டும் என்பதால், நான் குளியலறையையே தேர்ந்தெடுக்கிறேன்.

முதலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்புறப் பற்சக்கரங்களில் நடுவிலுள்ள ஒன்றுக்குச் சங்கிலியை மாற்றுங்கள். வட்டு பிரேக் இருந்தால் அந்த வட்டை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிவிடுங்கள். டிகிரீசரோ எண்ணெயோ சிறிது பட்டாலும் பிரேக்கின் பிடிப்பு குறைந்துவிடும். பிறகு உலர்ந்த துணியால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். விரல்களைப் பற்சக்கரத்திலிருந்து எப்போதும் விலக்கியே வைத்திருக்க வேண்டும். அழுக்கில் பெரும்பகுதி இந்த உலர் துடைப்பிலேயே வந்துவிடும்.

அடுத்து, பல் துலக்கியில் டிகிரீசரை நனைத்துச் சங்கிலியின் நான்கு புறமும் தேய்த்து, புட்டியில் குறிப்பிட்ட நேரம் ஊறவிடுங்கள். அந்த இடைவெளியில், பின் கியர் மாற்றியிலுள்ள இரண்டு சிறு சக்கரங்களைக் கவனிக்கலாம். அவற்றின் மீது அழுக்கு வளையமாகப் படிந்திருக்கும். ஐஸ்கிரீம் குச்சியை அணைத்துப் பிடித்துக்கொண்டு பெடலைச் சுற்றினால் அது சுருள் சுருளாக உரிந்து வரும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். பின்புறப் பற்சக்கரங்களுக்கு இடையே துணிக்கீற்றை நுழைத்து, காலணிக்கு மெருகேற்றுவதுபோல் இருபுறமும் இழுத்துத் துடையுங்கள்.

பிறகு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரால் தேய்த்து, குவளையில் நீர் மொண்டு மென்மையாகக் கழுவுங்கள். அழுத்தம் மிகுந்த நீரைப் பீய்ச்சினால், அது சக்கர அச்சுகளின் தாங்கிகளுக்குள் புகுந்து அங்குள்ள கிரீசை வெளியேற்றிவிடும். கரிய டிகிரீசரை நாளிதழில் ஊறவைத்துக் குப்பையில் சேர்ப்பதே நல்லது. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதியாக இருப்பதால், புளோக்கின் கீழுள்ள திறந்த வடிகாலில் கொட்டுவது நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்தை நோக்கிப் போகக்கூடும்.

துணியால் ஒற்றியெடுத்த பின், நம் ஊர் ஈரப்பதத்தில் சங்கிலி தானாகவே உலர்ந்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம். உருளைகளுக்குள் தங்கும் நீர் விரைவில் துருவாகும் என்பதால், நான் ஒரு மணி நேரமாவது மின்விசிறிக்கு எதிரே நிறுத்திவிடுவேன்.

நன்கு உலர்ந்த பிறகே எண்ணெய். ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி வீதம், அவசரமின்றி ஒரு முழுச் சுற்று வையுங்கள். பெடலைச் சில நிமிடங்கள் சுற்றினால் எண்ணெய் உள்ளே இறங்கும். அதன்பின், வைத்த எண்ணெயை வீணாக்குகிறோமே என்று தயங்காமல், வெளிப்புறத்தை அழுத்தித் துடைத்துவிடுங்கள்.

சங்கிலி சுத்தமாக இருக்கும்போதே அதன் தேய்மானத்தையும் அளந்துவிடலாம். ஓர் ஆணியின் மையத்திலிருந்து 24 கண்ணிகள் தள்ளியுள்ள ஆணியின் மையம்வரை, புதிய சங்கிலியில் 304.8 மில்லிமீட்டர் இருக்கும். அது 306.4 மில்லிமீட்டரை எட்டியிருந்தால் புதுச் சங்கிலி வாங்கிவிடுங்கள். தள்ளிப்போட்டால், அதைவிட விலை கூடிய பற்சக்கரங்களும் சேர்ந்து தேய்ந்துவிடும்.

அடுத்த பயணம் முடிந்ததும் உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். உள்ளே எஞ்சியிருந்த அழுக்கு எண்ணெயோடு வெளியே கசிந்திருக்கும். துணி மீண்டும் கருத்தால் வியப்படைய வேண்டாம்.