பனிக்காலத் தூண்டில் போட்டி: ஆகஸ்ட் பழக்கத்தோடு ஜனவரியில் போய் உட்காராதீர்கள்

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. இங்கிலாந்தின் கிராண்ட் யூனியன் கால்வாய்க் கரையில் விசில் ஊதியதும் நான் செய்த முதல் காரியம், ஒரு கை நிறைய ஈப்புழுவை அள்ளித் தண்ணீரில் வீசியதுதான். அப்புறம் இன்னொரு கை. ஆகஸ்டில் அப்படித்தான் செய்திருந்தேன். உலை கொதிப்பதுபோல் மீன் மொய்த்தது. இந்த முறை மூன்று மணிக்கு மறுபடி விசில் ஊதியபோது என் வலையில் செதில்கூட இல்லை. ஐந்து மணி நேரம் தக்கை நட்டு வைத்த கம்பம்போல் நின்றது. சீட்டுக் குலுக்கலில் எனக்குப் பக்கத்து இடம் விழுந்த பெரியவரோ இரண்டு பவுண்டு மூன்று அவுன்ஸ் பிடித்திருந்தார். அவர் நாள் முழுக்கப் போட்ட இரை, நான் முதல் நிமிடத்தில் கொட்டியதில் பாதி இருக்காது.

இந்த விளையாட்டைக் கோர்ஸ் மீன்பிடிப்பு என்கிறார்கள். சால்மன், ட்ரவுட் வகைகளை ஒதுக்கிவிட்டு, மற்ற நன்னீர் மீன்களான ரோச், பெர்ச், ப்ரீம், சப், கட்ஜன் போன்றவற்றைப் பிடிப்பது. குழம்பு வைப்பதற்கு அல்ல. பிடித்ததைத் தண்ணீருக்குள் தொங்கும் நீண்ட வலைப்பையில் உயிரோடு வைத்திருந்து, கடைசியில் எடை போட்டுவிட்டு, திரும்ப விட்டுவிடுவார்கள். (ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.) காலையில் பைக்குள் கைவிட்டு எடுக்கும் சீட்டில் இருக்கிற எண்தான் அன்றைக்கு நீங்கள் உட்காரும் இடம். அதற்குப் பெக் என்று பெயர்.

குளிர்காலத்தில் கணக்கு மாறிவிடுகிறது. கோடையில் குளத்துப் போட்டிகளில் கெண்டையை நூறு பவுண்டுக்கு மேல் எடை போடுபவர்கள் உண்டு. ஜனவரிக் கால்வாயிலோ மூன்று நான்கு பவுண்டுக்கே முதல் பரிசு கிடைக்கலாம். வெறும் வலையோடு வீடு திரும்புவோர் பலர். பவுண்டுக்கு 16 அவுன்ஸ், அவுன்ஸுக்கு 28 கிராம். விரல் நீள மீன் ஒன்றுகூட உங்கள் இடத்தை மேலே தள்ளும். இது தெரியாமல் போனவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே தவறுதான்: அளவுக்கு மீறி இரை போடுவது.

மீனின் உடல் சூடு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் நான்கைந்து டிகிரிக்கு இறங்கிவிட்டால் அதன் செரிமானம் படுத்துவிடும். சில புழுக்களைத் தின்றாலே வயிறு நிறைந்துவிடும். நீங்கள் இருநூறு புழுவைக் கொட்டி, இருநூற்றியோராவதை முள்ளில் குத்தி அனுப்பினால், மீன் அந்த ஒன்றைத் தேடி வந்து தின்னப் போவதில்லை. கொட்டிய புழுவைத் தண்ணீரிலிருந்து திரும்ப அள்ளவும் வழியில்லை. குறைவாகப் போட்டதை எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம். கூடுதலாகப் போட்டுவிட்டால் அந்த இடம் அன்றைக்குப் போனது போனதுதான்.

பெரியவர் செய்ததைப் பிறகு பல போட்டிகளில் கவனித்துப் பார்த்தேன். நீளமான கார்பன் கழியின் நுனியில், தையற்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அதற்குள் எண்ணி ஏழெட்டுப் புழு. தக்கைக்கு நேர் மேலே கொண்டுபோய்க் கழியை மெல்லத் திருப்பிக் கவிழ்ப்பார். அவ்வளவுதான். பிறகு மீன் விழும் வரை, அல்லது விழுந்துகொண்டிருந்தது நிற்கும் வரை, மறுபடி எதுவும் போட மாட்டார். இந்த ஊர்க் கடைகளில் புழுவைப் பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) கணக்கில் அளந்து விற்பார்கள். ஐந்து மணி நேரத்துக்கு அரை பைண்ட் தாராளம், பாதி மிஞ்சும்.

புழுவை முகராத நாட்களில் ரோச் மீனுக்கு ரொட்டி உகந்தது. சாதாரண வெள்ளை ரொட்டித் துண்டைச் சப்பாத்திக் கட்டையால் அழுத்தித் தேய்த்து, சிறிய வெட்டுக்குழலால் மிளகளவு வட்டமாகக் குத்தி எடுத்து முள்ளில் மாட்டுவார்கள். கூடவே மிக்ஸியில் அரைத்த ரொட்டித்தூளைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி ஒன்றே ஒன்று உள்ளே விடுவார்கள். ஆரஞ்சு அளவுக்கு உருட்டுகிறவரைப் பார்த்தால் அவர் கோடையிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது ஆழம். கோடையில் ஓர் அடி முன்னே பின்னே இருந்தாலும் மீனே மேலே எழும்பி வந்து இரையை எடுத்துக்கொள்ளும். குளிரில் அது தரையை ஒட்டிக் கிடக்கும், எழும்பி வராது. தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தி கொண்டது. ஆகவே ஆழமான ஏரிகளில் மேலே பனி உறைந்தாலும் அடியில் ஏறக்குறைய அந்த வெப்பம் நிற்கும். கால்வாயில் அந்தச் சலுகை இல்லை. நடுவில், படகுகள் ஓடிக் குடைந்த பள்ளத்திலேயே நான்கைந்து அடிதான் இருக்கும். இருந்தாலும் மீன் ஒதுங்குவது பெரும்பாலும் அங்கேதான். குளிர்காலத்தில் படகு ஓட்டம் குறைந்து தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்துவிடுவதால், கரையோர மேட்டில் நிற்க அதற்குப் பயம். பாலத்தின் நிழலும் கட்டிப்போட்ட படகின் அடியும் அடுத்த புகலிடங்கள்.

ஆழம் பார்க்க, அடியில் கார்க் துண்டு பதித்த குண்டு ஒன்று விற்கிறார்கள். முள்ளை அதில் குத்தி இறக்கி, தக்கையின் நுனி நீர்மட்டத்தில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடித்துவிடாதீர்கள். இடப்புறம் ஒரு முழம், வலப்புறம் ஒரு முழம், முன்னே, பின்னே என்று பத்து நிமிடம் செலவழித்தால், பள்ளத்தின் சரிவு எங்கே முடிந்து சமதரை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். கிடைத்த ஆழத்தைக் கழியிலேயே வெள்ளைத் திருத்த மையால் கோடு போட்டு வைப்பது வழக்கம். விசிலுக்கு முன் எல்லோரும் தேநீர் ஊற்றிக்கொண்டு கதை பேசும் நேரத்தில் இதைச் செய்பவரைக் கண்டு நான் கொஞ்சம் பயப்படுவேன்.

கருவியும் மெலிய வேண்டும். முள்ளில் எண் கூடக் கூட அளவு சிறுக்கும். குளிருக்கு 20, 22 என்று போவார்கள். முள்ளோடு கட்டும் நரம்பு 0.08 மில்லிமீட்டர், கிட்டத்தட்டத் தலைமுடி. இதையெல்லாம் வாங்கிவிட்டு, தக்கையின் நுனி அரை அங்குலம் வெளியே தெரியும்படி விட்டால் வாங்கியது வீண். குளிர்ந்த ரோச் இரையை இழுத்துக்கொண்டு ஓடாது. வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கும். நுனி ஒரு மயிரிழை அமுங்கும், அல்லது மயிரிழை எழும்பும். குண்டுமணியைப் பாதியாக வெட்டி வைத்ததுபோல் நுனி மட்டும் தெரிந்தால்தான் அது கண்ணில் படும். தக்கையை அப்படி அமுக்க நரம்பில் மாட்டும் குண்டுகளும் இப்போது பெரும்பாலும் ஈயம் அல்ல: அன்னப் பறவைகள் விழுங்கிச் செத்ததால், மிகப் பொடியானவை தவிர மற்றச் சிறிய ஈயக்குண்டுகள் இங்கே 1987 முதல் தடை செய்யப்பட்டிருக்கின்றன. பழைய பெட்டியில் மிச்சமிருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மீன் விழுந்த இடத்தையே நாள் முழுக்கக் குடைவதும் தவறு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றுவதும் தவறு. எனக்கு ஒத்துவருவது மூன்று இடங்கள்: பள்ளத்தின் நடுவே ஒன்று, எதிர்க்கரைச் சரிவில் ஒன்று, ஓரமாக ஒன்று. ஒன்றில் இரண்டு மூன்று மீன் எடுத்ததும் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போவேன். கலைந்த மீன் இருபது நிமிடத்தில் திரும்பிக் கூடும். சில நாள் கூடாது.

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை; உடுப்பு விஷயத்தில் எல்லோருக்கும் அறிவு உண்டு. ஆனால் புழுவுக்கும் குளிரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். விறைத்துப் போன புழு நெளியாது. சின்ன டப்பா ஒன்றில் கொஞ்சம் போட்டுக் கோட்டின் உள்பையில் வைத்திருங்கள். (முந்தின இரவு குளிர்பதனப் பெட்டியில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தால் வரும் விளைவுகளுக்கு நான் பொறுப்பல்ல.) கழியின் இணைப்புகளை உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈரம் உறைந்தால் பிடித்துக்கொண்டு கழலாது. கால்வாய் உறைந்திருந்தால் உங்கள் கிளப்பின் விதியைக் கேட்டுவிட்டு, விசிலுக்கு வெகு நேரம் முன்பே பனியை உடைத்துவிடுங்கள். போட்டி நடுவில் உடைப்பது தட்டு முட்டுகளோடு படுக்கையறைக்குள் நுழைவதுபோல. பனியின் மேல் காலை வைக்கவே கூடாது.

மேலே மின்கம்பி போகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான ஆபத்துக்குக் காப்பு. கார்பன் மின்சாரம் கடத்தும். கம்பியிலிருந்து 30 மீட்டருக்குள் தூண்டில் போடக்கூடாது என்பது இங்கே எல்லோரும் சொல்லித் தரும் விதி. சீட்டில் அப்படியோர் இடம் விழுந்தால் வெட்கப்படாமல் வேறு இடம் கேளுங்கள். பதின்மூன்று வயது நிரம்பிய யாருக்கும் தூண்டில் உரிமம் வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைசித் தவறை நானே செய்தேன், அதுவும் மூன்றாவது பருவத்தில், எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்த பிறகு. டிசம்பர். கடும் உறைபனி. இரண்டு மணி வரை நான்கு கட்ஜன், ஒரு குட்டி பெர்ச். வெளிச்சம் மங்கும் கடைசி ஒரு மணி நேரம்தான் குளிர்காலத்தில் நல்ல நேரம் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஆள், கை விறைக்கிறது என்று கழியைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். இந்த ஐந்தையும் தராசில் வைத்துச் சிரிப்பு வாங்குவானேன் என்று வலைப்பையைக் கவிழ்த்து மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டேன்.

கரையைப் பிரிவு பிரிவாக வகுத்து ஒவ்வொன்றுக்கும் தனிப் பரிசு வைப்பார்கள். எங்கள் பிரிவில் எனக்கு முன்னால் இருந்த நான்கு பேரில் மூன்று பேருக்கு வெறும் வலை. நான்காமவருக்கு நான்கு அவுன்ஸ். என் ஐந்து மீனும் சேர்ந்து ஐந்து அவுன்ஸாவது இருந்திருக்கும். தராசைத் தூக்கிக்கொண்டு வந்தவர் சுருட்டி வைத்த ஈர வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தாளில் என் பெயருக்கு நேரே ‘எடை போடவில்லை’ என்று எழுதிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்தார்.