டைமே வழிபாட்டுக்கு முதன்முறை போகிறீர்களா?

கல்யாணமாகி நான் பிரேசிலின் ரியோ பிராங்கோவுக்கு வந்த புதிது. என் மாமியார் சாண்டோ டைமே சபைக்காரர். டைமே என்ற கஷாயத்தைக் குடித்து வழிபடும் பிரேசில் சமயச் சபை அது. "வழிபாட்டுக்கு வருகிறாயா?" என்று கேட்பதற்கு முன்பே, "என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், மகளே?" என்றுதான் கேட்டார். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

அந்த டைமே, ஜகூபே என்ற கொடியையும் ஒரு செடியின் இலையையும் சேர்த்துக் காய்ச்சிய கஷாயம். இலையில் டிஎம்டி என்ற, மனநிலையை மாற்றும் பொருள் இருக்கிறது. அதைத் தனியாகக் குடித்தால் குடலிலும் ஈரலிலும் உள்ள நொதி செயலிழக்கச் செய்துவிடும். கொடியிலுள்ள ஹார்மின் என்ற பொருள் அந்த நொதியைத் தடுக்கிறது. மனச்சோர்வு மாத்திரையோடு இந்தக் கொடி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஃப்ளுவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரை, நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தவும் வேண்டாம். சைக்கோசிஸ், பைபோலார் போன்ற மனநோய் இருந்தால் குடிக்கவே கூடாது. இதை மறைத்துவிட்டுப் போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

முன்னும் பின்னும் மூன்று நாள் மது, தாம்பத்தியம் இரண்டையும் தவிர்ப்பது வழக்கம். வெள்ளை உடை போதும். சிவப்பும் கறுப்பும் ஆகாது. நான் சிவப்புக்கரை துப்பட்டாவோடு போய் வாசலிலேயே கழற்றிக் கொடுத்தேன்.

மாதத்தில் 15 அல்லது 30ஆம் தேதி நடக்கும் தியான வழிபாட்டுக்கு முதலில் போங்கள். விடிய விடிய ஆடிப் பாடும் திருவிழா இரவுகள் பிறகு இருக்கட்டும். நடுவில் மேசை, அதன்மேல் இரட்டைக் குறுக்குக்கட்டைச் சிலுவை. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். கொடுத்த இடத்தை விட்டு நகராதீர்கள். டைமே கசப்பாக இருக்கும், ஒரே மடக்கில் குடித்துவிடுங்கள். வாந்தி வந்தால் வெட்கப்பட வேண்டாம், அங்கே அதைச் சுத்தியாகத்தான் பார்க்கிறார்கள். பயம் வந்தால் பக்கத்தில் துணைக்கு நிற்கும் சபைக்காரரிடம் கையைக் காட்டுங்கள், பிறகு அங்கே பாடும் பாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகீசு தெரியாவிட்டாலும் மராக்கா கிலுகிலுப்பையின் தாளம் உங்களைக் கூட்டிப்போகும். எனக்கு அப்படித்தான் நடந்தது. ரப்பர் வேலைக்காக இந்தக் காட்டுக்கு வந்த கறுப்பினத்தவர் இரினேயு செர்ரா. 1930இல் இதே ஊரில் அவர் தொடங்கிய வழி இது. 'டைமே' என்றால் 'எனக்குத் தாரும்'. ஒளியும் அன்பும் கேட்கிற ஜெபம் அது. வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள்.

பிரேசில் அரசின் 2010 தீர்மானம் சமயப் பயன்பாட்டை அனுமதிக்கிறது, வியாபாரத்தை அல்ல. யாராவது பாட்டிலில் விற்க வந்தால் விலகிவிடுங்கள். ஊருக்கும் எடுத்துப் போகாதீர்கள். டிஎம்டி இந்தியாவில் தடைசெய்யப்பட்டது.

முடிந்ததும் வண்டி ஓட்டக் கூடாது. நானும் மாமியாரும் அங்கேயே வலைத்தொட்டிலில் படுத்திருந்து, விடிந்த பிறகுதான் கிளம்புவோம்.