வீட்டிலேயே எசென்ஷியல் ஆயில் கலக்க: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

எசென்ஷியல் ஆயில் (செடியின் பூ, இலை, வேர், பழத்தோல் இவற்றிலிருந்து எடுக்கும் அடர்ந்த வாசனை எண்ணெய்) கலந்து பார்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். உங்கள் மூக்குக்கு ஏற்கெனவே பழகிய வாசனைகளிலிருந்து தொடங்குங்கள். வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர், குருமாவில் மிதக்கும் கிராம்பு, ஆரஞ்சுத் தோலை உரித்தால் விரலில் ஒட்டிக்கொள்ளும் மணம், இதெல்லாம் சின்ன வயதிலிருந்தே நமக்குத் தெரியும். வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்த்தால் பச்சௌலி, இலாங் இலாங், கிளாரி சேஜ் என்று பத்துப் பாட்டில் வாங்கச் சொல்வார்கள். வாங்கிவிடலாம், ஆனால் கலந்த பிறகு எது தூக்கலாக நிற்கிறது, எது அமுங்கிப் போயிற்று என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. தெரிந்த வாசனை என்றால் அது உடனே பிடிபடும்.

ஆகவே ஐந்து போதும்: ஆரஞ்சு, லெமன்கிராஸ் (எலுமிச்சைப் புல்), லாவண்டர், கிராம்பு, வெட்டிவேர். லாவண்டர் நம் வீட்டு மணம் இல்லைதான், ஆனாலும் சேர்த்திருக்கிறேன், ஏனென்றால் மற்ற நான்கும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்போது நடுவில் நின்று இணைத்துவைப்பது அதுதான். முதலில் எல்லாவற்றிலும் சின்ன பாட்டில்தான். லேபிளில் செடியின் தாவரவியல் பெயர், எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது, எந்த நாடு என்று இருக்கிறதா பாருங்கள். 'ஃபிராக்ரன்ஸ் ஆயில்' என்று போட்டிருந்தால் அது மெழுகுவர்த்திக்கும் சோப்புக்கும் சேர்க்கிற வாசனைக் கலவை, நாம் தேடும் பொருள் அதுவல்ல.

மல்லிகை ஏன் இல்லை என்று கேட்பீர்கள். மல்லிகைப் பூவை ஆவியில் வடித்தால் அந்தச் சூட்டிலேயே மணம் கெட்டுவிடும். அதனால் கரைப்பான் விட்டு மணத்தை இழுத்து, மெழுகு மாதிரி 'கான்கிரீட்' ஆக்கி, அதிலிருந்து 'அப்சல்யூட்' என்ற அடர்ந்த மணச்சாற்றை எடுக்கிறார்கள். ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு மலை மலையாகப் பூ வேண்டும், விலையும் அதற்கேற்றபடிதான் இருக்கும். எனவே நூற்றைம்பது ரூபாய்க்கு 'சுத்தமான மல்லிகை எசென்ஷியல் ஆயில்' என்று யாராவது நீட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

சரி, கலப்பதற்கு வருவோம். பாட்டிலைத் திறந்ததும் எண்ணெயோடு எண்ணெய் ஊற்றக் கூடாது, முதலில் காகிதத்தில்தான். காபி ஃபில்டரையோ ஓவியம் வரையும் தடித்த தாளையோ அரை அங்குல அகலத்தில் விரல் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டின் ஒரு முனையில் எண்ணெயின் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள் (பேனா மை எண்ணெயில் கரைந்து ஓடும்), மறுமுனையில் ஒரே ஒரு சொட்டு. இப்போது ஆரஞ்சு, லாவண்டர், வெட்டிவேர் மூன்று துண்டுகளையும் சீட்டு விரிப்பதுபோல் கையில் பிடித்து, மூக்கில் படாமல் மெதுவாக ஆட்டி முகருங்கள். வெட்டிவேர் மிஞ்சுகிறதா? அந்தத் துண்டை மட்டும் ஓர் அங்குலம் பின்னால் இழுத்துவிட்டு மறுபடி முகருங்கள். பின்னால் போன துண்டு, கலவையில் சொட்டைக் குறைக்க வேண்டிய எண்ணெய். ஒரு மில்லிகூட வீணாகாமல் கலவையின் விகிதம் இங்கேயே பாதி தெரிந்துவிடும். மூக்கு மரத்துப் போனால் காபிக்கொட்டையெல்லாம் தேட வேண்டாம், உங்கள் முழங்கை மடிப்பையே இரண்டு மூச்சு முகர்ந்தால் போதும்.

அந்தத் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பத்து நிமிஷம் கழித்து, ஒரு மணி நேரம் கழித்து, அப்புறம் மறுநாள் காலையில் என்று மறுபடி மறுபடி முகருங்கள். ஆரஞ்சு முதலில் காணாமல் போகும், லாவண்டர் சில மணி நேரம் தாங்கும், வெட்டிவேர் மறுநாளும் அங்கேயே இருக்கும். மேல் மணம், நடு மணம், அடி மணம் என்று சொல்வது இதைத்தான். வில்லியம் பூச்சர் என்ற ஆங்கிலேய வாசனைத் திரவிய நிபுணர் இப்படித்தான் ஒவ்வொரு பொருளும் காகிதத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து 1 முதல் 100 வரை எண் கொடுத்து வரிசைப்படுத்தினார். அந்த அட்டவணையை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம், உங்களிடம் இருக்கும் ஐந்தும் எப்போது கரைகின்றன என்று தெரிந்தால் போதும்.

முதல் கலவையாக இதைச் செய்து பாருங்கள்: ஆரஞ்சு 6 சொட்டு, லாவண்டர் 3, வெட்டிவேர் 1. ஒரு சின்ன பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் வெட்டிவேரை முதலில் விடுங்கள். அது தேன்பாகு கணக்கில் கெட்டியானது, பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டு இறங்க நேரமாகும். அவசரப்பட்டு உலுக்கினால் ஒரு சொட்டு கேட்ட இடத்தில் மூன்று விழும், அப்புறம் கலவை முழுக்க வேர் வாசனைதான். பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிவிட்டுச் சாய்த்தால் ஒழுங்காக இறங்கும். மூடியைப் போட்டு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, தேதியும் அளவும் எழுதி ஒட்டி, வெயில் படாத இடத்தில் இரண்டு நாள் வைத்துவிடுங்கள். கலந்தவுடன் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நின்ற மணங்கள் இரண்டு நாளில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், ஆரஞ்சு எண்ணெய் சில பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

மழைக்காலத்துக்கு ஆரஞ்சு 7, வெட்டிவேர் 2, கிராம்பு 1 நன்றாக இருக்கும். லெமன்கிராஸ் எடுத்தால் கை அடக்கம் வேண்டும், பத்துச் சொட்டில் இரண்டைத் தாண்டினால் மற்றது எதுவும் தெரியாது.

இதுவரை செய்தது அடர்கலவை, அதை அப்படியே தோலில் தடவக் கூடாது. கணக்கு சுலபம். 1 மில்லிக்குச் சுமார் 20 சொட்டு, அப்படியானால் 30 மில்லி எண்ணெய் 600 சொட்டு, அதில் ஒரு சதவீதம் 6 சொட்டு. ஆரோக்கியமான பெரியவர்கள் உடம்பில் தடவிக்கொள்ள இந்த ஒரு சதவீதமே போதும். முகத்துக்கு 30 மில்லிக்கு 3 சொட்டுதான். கிராம்பை மட்டும் தனியாகக் கவனியுங்கள், கரைத்து முடித்த எண்ணெயில் அது அரை சதவீதத்தைத் தாண்டினால் தோல் எரியலாம். எந்த எண்ணெயில் கரைப்பது? செக்கு நல்லெண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் சொந்த மணம் இருக்கிறது. வெட்டிவேரும் கிராம்பும் நல்லெண்ணெயோடு சேர்ந்து போகும், ஆனால் லாவண்டர் அதில் அமுங்கிவிடும். மணமே வேண்டாம் என்றால் ஜோஜோபா அல்லது உறையாத 'ஃபிராக்ஷனேட்டட்' தேங்காய் எண்ணெய். சாதாரணத் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால், மார்கழிக் காலையில் ரோல்-ஆன் (வாயில் உருளும் குண்டு வைத்த குப்பி) உருளாமல் நின்றுவிடும்.

தடவும் முன் முன்கையின் உள்பக்கம் ஒரு துளி தேய்த்து ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள், சிவந்தாலோ அரித்தாலோ அந்தக் கலவை உங்களுக்கு வேண்டாம். குளிக்கிற வாளியில் சொட்டு விடுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. தண்ணீரில் எண்ணெய் கரையாது, மேலே மிதந்து அப்படியே தோலில் ஒட்டும், தண்ணீர் கலந்த ஸ்பிரேவிலும் இதே கதைதான். டிஃப்யூஸருக்கு (மணத்தை அறையில் பரப்பும் கருவி) 100 மில்லி தண்ணீரில் 3 அல்லது 4 சொட்டு விட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்து, அரை மணி நேரத்தில் அணைத்துவிடுங்கள். எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும், ஆரஞ்சைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊட்டிக்குப் போனவர்கள் கையோடு வாங்கி வரும் குப்பிகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். யூகலிப்டஸ் தைலத்தை ஒரு குழந்தை கொஞ்சம் குடித்துவிட்டாலும் வலிப்பு வரலாம், கற்பூரமும் அப்படித்தான், இரண்டையும் கைக்கெட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள், கைக்குழந்தையின் மூக்கருகே கொண்டுபோகவே வேண்டாம். விண்டர்கிரீன் தைலம் கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரினின் உறவு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது, புதிதாகக் கலக்கிறவர்களுக்கும் அது தேவையில்லை. கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து எடுப்பவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். எந்த எசென்ஷியல் ஆயிலையும் யாரும் உள்ளே சாப்பிடக் கூடாது, 'உணவுத் தரம்' என்று எழுதியிருந்தாலும் சரி. வீட்டில் பூனை இருந்தால் டீ ட்ரீ எண்ணெய் வேண்டாம், அதற்கு அது விஷம்.

பாட்டில்களைச் சமையலறை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள், இவை தீப்பற்றும். திறந்த ஆரஞ்சு எண்ணெயை ஒரு வருஷத்துக்குள் முடித்துவிடுங்கள், காற்றுப்பட்டுப் பழசானால் அதே எண்ணெய்தான் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும், மணமும் வார்னிஷ் மாதிரி மாறியிருக்கும். லெமன்கிராஸையும் அதிக நாள் வைக்க வேண்டாம். வெட்டிவேர் இதற்கு நேரெதிர், வருஷம் ஆக ஆக அதன் மண் வாசனை மெருகேறும். அதனால் முதல் குப்பி பிடித்துப்போனால் அடுத்த தடவை அதை மட்டும் பெரிய பாட்டிலாக வாங்கிக்கொள்ளலாம்.