பெர்லின் இரவில் புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

பெர்லினில் குடியிருப்பவர்களுக்கு ஒரு நிரந்தரப் பொறுப்பு உண்டு. மியூனிக்கிலோ ஆஹனிலோ முதுகலை படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், ஒன்றுவிட்ட தம்பிகள், நண்பரின் நண்பர்கள் என்று யாராவது ஒரு வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் வந்து இறங்குவார்கள், பையை வைத்த கையோடு, "இன்று இரவு எங்கே போகலாம் அண்ணா?" என்று கேட்பார்கள். கேட்பதற்கு முன்பே அவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். புதிதாக வந்த காலத்தில் நான் போட்ட திட்டத்தின் அச்சு அசலான நகலாகவே அது ஒவ்வொரு முறையும் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், முன்பின் தெரியாதவர் நீட்டும் பானத்தை வாங்கிக் குடிக்காதீர்கள் என்பன போன்ற அறிவுரைகளை விட்டுவிடுகிறேன். அவை எந்த ஊருக்கும் பொருந்தும், உங்களுக்கும் தெரியும்.

சனிக்கிழமை நள்ளிரவில் புகழ்பெற்ற வாசலில் நிற்பது

எட்டு மணிக்குச் சாப்பாடு, பத்து மணிக்கு ஒரு பார், பதினொன்றரைக்கு உலகப் புகழ்பெற்ற கிளப்பின் வாசல், மூன்று மணி நேர நடனம், பிறகு விடுதி. இதுதான் அந்தத் திட்டம். குறிப்பிட்ட நேரத்தில் விளக்கை அணைத்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிடும் நகரங்களுக்கு இது மிகவும் பொருத்தமான திட்டம். ஏனென்றால் அங்கே இரவு என்பது பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் அடைக்கப்பட்டிருக்கிறது, அதற்குள் அனுபவித்து முடித்தாக வேண்டும். பெர்லினில் அந்த இரண்டாவது எல்லையே கிடையாது.

அது இல்லாமல் போனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நான்கு நாடுகளின் படைகள் நகரைப் பங்கிட்டு ஆண்டபோது, மதுக்கூடங்கள் மூடும் நேரத்தைக் கிழக்கும் மேற்கும் போட்டி போட்டுக்கொண்டு தள்ளிவைத்தன; ஒரு பகுதியில் கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைத்தால் வாடிக்கையாளர்கள் அங்கே போய்விடுவார்கள் என்பதே காரணம். ஹைன்ஸ் ட்செல்லர்மயர் என்ற மேற்கு பெர்லின் விடுதிக்காரர் ஒரு விஸ்கி புட்டியுடன் அமெரிக்கத் தளபதி ஃபிராங்க் ஹவ்லியைச் சந்தித்து, மூடும் நேரமே வேண்டாம் என்று வாதாடியதாகச் சொல்வார்கள். புட்டியின் பங்கு எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். 1949இல் மேற்கு பெர்லினில் மூடும் நேரம் நீக்கப்பட்டது. அதன் பிறகு 1989இல் சுவர் விழுந்தபோது, கிழக்குப் பகுதியில் உரிமையாளர் யாரென்றே தெளிவாகாத கட்டடங்களும் கைவிடப்பட்ட ஆலைகளும் ஏராளமாகக் கிடந்தன. இளைஞர்கள் ஒலிபெருக்கிகளுடன் அவற்றுக்குள் நுழைந்தார்கள். 1991இல் தொடங்கிய ட்ரெசோர் என்ற கிளப், வெர்ட்ஹைம் என்ற பழைய பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில்தான் இயங்கியது. 2004இல் திறந்த, மேலே சொன்ன உலகப் புகழ்பெற்ற கிளப்பான பெர்க்ஹைன், ஓஸ்ட்பான்ஹோஃப் ரயில் நிலையத்துக்கு அருகே செயலிழந்து நின்ற ஒரு மின்நிலையக் கட்டடத்தில் இருக்கிறது. வேளை குறிக்காத சட்டமும் வாடகை குறைந்த காலி இடங்களும் ஒன்றுசேர்ந்ததில் உருவானதே இந்நகரின் இரவு.

இதன் நடைமுறை விளைவைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. பெர்க்ஹைனின் வாராந்தர நிகழ்ச்சி சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கித் திங்கட்கிழமை காலைவரை ஓடுகிறது. அதாவது, சனிக்கிழமை இரவு என்பது அதன் முன்னுரை மட்டுமே. உள்ளூர்க்காரர்களில் பலர் சனிக்கிழமை நிம்மதியாகத் தூங்கி எழுந்து, ஞாயிறு காலை உணவை முடித்துக்கொண்டு, பதினொரு மணிக்கோ மதியம் இரண்டு மணிக்கோ அங்கே போகிறார்கள். வெளியூர்க்காரர்களோ எல்லோரும் ஒரே நேரத்தில், மிக நீண்ட வரிசை நிற்கும் அந்தச் சனிக்கிழமைப் பின்னிரவில், ஐந்தாறு பேராகச் சேர்ந்து போய் நிற்கிறார்கள்.

ஒரு டிசம்பர் மாதம் என் வீட்டில் தங்கியிருந்த இரண்டு மாணவர்கள், வேறொரு கிளப்பின் வாசலில் இதைத்தான் செய்தார்கள். ஞாயிறு மதியம் போங்கள் என்று நான் சொன்னதை, வயதாகிவிட்டவரின் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். உறைபனியில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் நின்று வாசலை அடைந்தபோது, அங்கிருந்தவர் அவர்களை ஒரு கணம் பார்த்துவிட்டு மறுப்பாகத் தலையை அசைத்தாராம். காரணம் எதுவும் சொல்லவில்லை, கோபமும் காட்டவில்லை. விடியற்காலையில் விரல்கள் மரத்துப்போய் வீடு திரும்பியவர்கள் ஞாயிறு மதியம்வரை தூங்கினார்கள், மாலை ரயிலைப் பிடித்தார்கள், போகிற போக்கில் "பெர்லின் பெயருக்குத்தான் பெரிய ஊர்" என்று ஒரு தீர்ப்பையும் வழங்கிவிட்டுப் போனார்கள். அந்தத் தீர்ப்புதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. நகரத்தின் எந்த இடத்துக்குள்ளும் அவர்கள் நுழையவில்லை. ஒரு நடைபாதையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ரயில் கட்டணம், வார இறுதியின் ஒரே சனிக்கிழமை, மறுநாளின் பாதி, எல்லாம் அந்த நடைபாதைக்கே செலவாயின.

ஞாயிறு மதியம் போனால் நிச்சயம் உள்ளே விடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. வரிசை பெரும்பாலும் குறுகியதாக இருக்கும், நிராகரிக்கப்பட்டாலும் அரை மணி நேரம்தான் போகும், அவ்வளவே. வாசலில் நிற்பவர்களின் அளவுகோல் எதுவும் எழுதி வைக்கப்பட்டதில்லை. கறுப்பு உடை அணியுங்கள், சிரிக்காதீர்கள், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் கிடைக்கும் சூத்திரங்களை நம்பி, ஒரே மாதிரிக் கறுப்புச் சட்டை போட்டு வரும் ஆறு பேரைப் பார்த்தாலே அவர்கள் எங்கே படித்துவிட்டு வந்தார்கள் என்பது தெரிந்துவிடும். நான் கவனித்தவரையில் உதவுபவை எளியவை: பெருங்கூட்டமாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போவது, நிதானத்தில் இருப்பது, வரிசையில் சத்தம் போடாமல் இருப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக அன்று உள்ளே யார் இசைக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போவது.

கடைசியாகச் சொன்னதை அலட்சியப்படுத்துபவர்கள்தான் அதிகம். 2016இல் பெர்லின்-பிராண்டன்பர்க் நிதி நீதிமன்றம், பெர்க்ஹைனின் நுழைவுக் கட்டணத்துக்கு வழக்கமான 19 விழுக்காட்டு வரி அல்ல, இசைக் கச்சேரிகளுக்கான 7 விழுக்காட்டு வரியே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. மக்கள் அங்கே முதன்மையாக இசைக்காக வருகிறார்கள் என்பதே வாதத்தின் சாரம். 2024இல் பெர்லினின் டெக்னோ என்னும் மின்னணு நடன இசைக் கலாசாரத்தை ஜெர்மனி தன் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலேயே சேர்ந்துவிட்டதாகப் பலர் பரப்புகிறார்கள், அது சரியல்ல. கச்சேரிக்குப் போகும்போது பாடுபவர் யாரென்று கேட்டுக்கொண்டு போவதுதானே முறை? அந்த அளவு ஆர்வமும் உங்களுக்கு இல்லையென்றால், அந்த வாசலை விட்டுவிடுவதில் இழப்பு எதுவும் இல்லை.

விட்டுவிட்ட சனிக்கிழமை இரவுக்கு வேலை இல்லாமல் போய்விடாது. க்ரொய்ட்ஸ்பெர்க் பகுதியில் ஓரானியன் தெருவில் இருக்கும் எஸ்ஓ36, பங்க் இசைக் காலத்திலிருந்து இயங்கிவரும் அரங்கம். அங்கே நுழைவுச்சீட்டு வாங்கியவர் உள்ளே போகலாம், முகத்தைப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. நகரில் மூன்று ஓப்பரா அரங்குகள் இருக்கின்றன. ஹான்ஸ் ஷரூன் வடிவமைத்து 1963இல் திறக்கப்பட்ட ஃபில்ஹார்மனி இசையரங்கில், மேடையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருக்கைகள். இசைக்குழு நடத்துநரின் முகத்தைப் பார்த்தபடி மேடையின் பின்புறத்தில் அமர்ந்து கேட்பது தனி அனுபவம். நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிக் குவிமாடத்துக்கு முன்பதிவு செய்துகொண்டால் இரவு பத்து மணிக்கு முன்புவரை கட்டணமில்லாமல் ஏறலாம். நள்ளிரவுவரை அது திறந்திருக்கும். கோடையில் ஒன்பதரை மணிவரை வெளிச்சம் இருப்பதால் அப்போது கடைசி வேளையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். எந்த வேளையும் இரவுதான்.

உள்ளே கைப்பேசியை எடுப்பது

பல கிளப்புகளில் நுழையும்போதே கைப்பேசியின் கேமராக் கண்கள்மேல் ஒரு சிறு ஒட்டுத்தாளை ஒட்டிவிடுவார்கள். அதை உரித்துவிட்டு ஒரே ஒரு படம் எடுத்தால் என்ன என்று நினைப்பவர்கள் வெளியே அனுப்பப்படுவார்கள். இந்தத் தடை வெறும் பகட்டு அல்ல. பெர்க்ஹைன் உட்பட இங்குள்ள பல இடங்கள் ஒருபாலீர்ப்பு கொண்டவர்களின் விருந்துகளிலிருந்து வளர்ந்தவை. தாங்கள் யாருடன் எப்படி ஆடினோம் என்பது மறுநாள் அலுவலகத்துக்கோ குடும்பத்துக்கோ தெரியவராது என்ற உறுதி இருந்ததால்தான் அங்கே வருபவர்கள் இயல்பாக இருக்க முடிந்தது. அந்த உறுதியை உடைக்கும் உரிமை வார இறுதி விருந்தாளிக்கு இல்லை. ஆடை குறைவாக அணிந்தவர்களை வெறித்துப் பார்ப்பதும் இதே வகைத் தவறுதான்.

ரொக்கம் இல்லாமல் கிளம்புவது

கிளம்புமுன் வங்கி இயந்திரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை வாங்காத பார்கள் இன்னும் இருக்கின்றன.

பயணச்சீட்டை வாங்கிவிட்டு முத்திரையிட மறப்பது

பெர்லினின் யூ-பான் என்னும் சுரங்க ரயில், எஸ்-பான் என்னும் நகர ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவுகள் இல்லை. யாரும் சரிபார்க்காத ரயில் என்று புதியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். காகிதச் சீட்டு வாங்கியவர்கள் நடைமேடையில் நிற்கும் சிறு பெட்டியில் அதைச் செருகி நேர முத்திரை பதிக்க வேண்டும். பதிக்காத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். சாதாரண உடையில் ஏறும் பரிசோதகர்கள் கதவு மூடியபின்தான் அடையாள அட்டையைக் காட்டுவார்கள். அபராதம் 60 யூரோ. "நான் சுற்றுலாப் பயணி" என்ற விளக்கத்தை அவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறார்களோ தெரியாது, அது யாரையும் காப்பாற்றி நான் பார்த்ததில்லை.

ரயில் நேரங்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வெள்ளி, சனி இரவுகளில் யூ-பான் விடியவிடிய ஓடும். அந்தப் பழக்கத்தில் செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு மணிக்கு நிலையத்துக்குப் போனால், கதவு பூட்டியிருக்கும். வார நாள்களில் நள்ளிரவுக்குப் பின் யூ-பானுக்குப் பதிலாக N என்ற எழுத்துடன் தொடங்கும் இரவுப் பேருந்துகள் ஓடுகின்றன. யூ8 தடத்துக்கு N8 என்று எண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போவதால் கண்டுபிடிப்பது எளிது.

பாருக்குள் மட்டுமே இரவு இருக்கிறது என்று நினைப்பது

கோடை இரவில் பெர்லின்வாசிகளில் பாதிப் பேர் கால்வாய்க் கரையிலும் பாலங்களிலும் பூங்காக்களிலும்தான் அமர்ந்திருப்பார்கள். பொது இடத்தில் மது அருந்துவது இங்கே குற்றமல்ல. தெருவுக்குத் தெரு இருக்கும் ஷ்பேட்டி என்னும் பின்னிரவுக் கடையில் பாருக்குக் கொடுப்பதில் ஒரு பங்கு விலைக்குப் பீர் புட்டியோ, மதுவில்லாத பானமோ வாங்கிக்கொள்ளலாம். கிழக்கு ஜெர்மனியில் இரவுப்பணி முடித்து வரும் தொழிலாளர்களுக்காகத் திறந்து வைக்கப்பட்ட கடைகளின் வழிவந்தவை இவை. சைவம் சாப்பிடுபவர்கள் பசியோடு அலைய வேண்டியதும் இல்லை. நொய்க்கோல்ன் பகுதியின் ஸோனன் அலே தெருவில் அரபுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நள்ளிரவிலும் சூடான ஃபலாஃபல் கிடைக்கும்.

காலிப் புட்டியைக் குப்பைத்தொட்டிக்குள் எறிவதுதான் இதில் புதியவர்கள் செய்யும் பிழை. வழக்கமான பீர் புட்டி ஒன்றுக்கு 8 சென்ட், தகர டப்பாவுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. காலிப் புட்டிகளைக் கடையில் திரும்பக் கொடுத்து அந்தத் தொகையில் பிழைக்கும் முதியவர்கள் இரவெல்லாம் நடக்கிறார்கள். தொட்டியின் அருகே நிறுத்தி வைத்தால், அவர்கள் குப்பைக்குள் கைவிட வேண்டியிருக்காது.

பத்து மணிக்கு மேல் குடியிருப்பின் உள்முற்றத்தில் நின்று பேசுவது

அண்டை வீட்டார் அழைத்தால் காவல்துறை வரும்.

மிதிவண்டிப் பாதையில் நின்று வரைபடம் பார்ப்பது

மணி அடிப்பார்கள், அதற்குமேல் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்று விடுவது

ஜெர்மனியில் ஞாயிறன்று பேரங்காடிகள் மூடியிருக்கும். ஆடி முடித்து வந்தவுடன் தயிரும் சோறும் வேண்டுமென்றால் தயிரைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். மறந்தவர்களுக்கு ஹௌப்ட்பான்ஹோஃப், ஓஸ்ட்பான்ஹோஃப் போன்ற பெரிய நிலையங்களுக்குள் இருக்கும் அங்காடிகள்தான் கதி. அங்கே நகரமே கூடியிருக்கும்.

நகரச் சீட்டோடு விமானம் பிடிக்கப் போவது

2020இல் திறந்த புதிய விமான நிலையம் கட்டண மண்டலங்களில் C பகுதியில் இருக்கிறது. இரவெல்லாம் நகருக்குள் சுற்றப் பயன்பட்ட AB சீட்டு அங்கே செல்லாது. ABC சீட்டோ, கையிலிருக்கும் AB சீட்டு இன்னும் காலாவதியாகாமல் இருந்தால் அதற்கான C நீட்டிப்புச் சீட்டோ வேண்டும். தூக்கக் கலக்கத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு அதிகாலை ரயிலில் ஏறும் வெளியூர்க்காரர்களிடம் இந்தச் சீட்டு இருக்காது என்பது பரிசோதகர்களுக்கு நன்றாகத் தெரியும், அந்தத் தடத்தில் அவர்களை அடிக்கடி பார்க்கலாம். அங்கேயும் அதே 60 யூரோதான்.