பிரண்டை: தொட்டியில் நடுவது முதல் தொண்டை அரிக்காத துவையல் வரை

"பிரண்டைத் துவையல் செஞ்சு பார்த்தேன், தொண்டையெல்லாம் அரிச்சுது, இனி அந்தப் பக்கமே போகமாட்டேன்" என்று சொல்பவர்களுக்காகத்தான் இந்தச் செய்முறை. நானும் அப்படிச் சொன்னவள்தான். கல்யாணமான புதிதில் சந்தையில் ஒரு கட்டு வாங்கி வந்து, கீரை ஆய்வது போல் ஆய்ந்து, சட்டியில் ஒரு புரட்டு புரட்டி அரைத்து வைத்தேன். அன்று இரவு வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. பேச முடியவில்லை என்பதுதான் சரி.

மறுநாள் திருநெல்வேலிக்கு ஆச்சியிடம் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். "இளசாட்டீ வாங்குன? கணுவக் களைஞ்சியா? புளி வச்சியா?" என்று கேட்டாள். மூன்றுக்கும் என் பதில் "இல்ல ஆச்சி." "அப்ப பிரண்டைய ஏன் குத்தஞ் சொல்லுத?" என்று வைத்துவிட்டாள்.

அந்த மூன்று கேள்வியில் முதலாவதுதான் முக்கியம். சந்தையில் கிடைக்கும் பிரண்டை பெரும்பாலும் முற்றல். வேலியிலிருந்து கொத்தாக இழுத்து அறுத்துக் கட்டிக் கொண்டுவருவதில் இளந்தண்டு எத்தனை இருக்கும்? கொஞ்சம் வெயிலும் ஒரு தொட்டியும் இருந்தால் நீங்களே வளர்த்துவிடலாம். வளர்ப்பதற்கு இதைவிடச் சோம்பேறித்தனமான செடி எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்

பிரண்டை திராட்சைக் குடும்பத்துக் கொடி. தாவரவியல் பெயர் சிஸ்ஸஸ் குவாட்ராங்குலாரிஸ். இரண்டாவது சொல்லுக்கு நாற்கோணம் என்று பொருள். பச்சையாக, சதைப்பற்றோடு, நான்கு பட்டையாக இருக்கும் தண்டு, சாண் நீளத்துக்குள் ஒரு கணுவில் இடுங்கி மறுபடி தொடங்கும். சங்கிலியைக் கோத்து விட்டதுபோல் இருக்கும். மலையாளத்தில் இதன் பெயரே சங்ஙலம்பரண்ட. ஆயுர்வேதத்தில் அஸ்திசிருங்கலா, அதாவது எலும்புச் சங்கிலி என்றும், அஸ்திசம்ஹாரம், வஜ்ரவல்லி என்றும் வழங்குகிறார்கள். இந்தியில் ஹட்ஜோட், எலும்பை ஒட்டுவது. எல்லா மொழிக்காரர்களும் ஒன்று சங்கிலியைப் பார்த்திருக்கிறார்கள், இல்லையென்றால் எலும்பைப் பார்த்திருக்கிறார்கள்.

நகரத்தில் வளர்ந்தவர்கள் சதுரக்கள்ளியைப் பிரண்டை என்று நினைத்துவிடுவது உண்டு. இது ஆபத்து. தண்டை ஒடித்துப் பாருங்கள். வெள்ளையாகப் பால் வந்தால் அது கள்ளி. கையைக் கழுவிவிட்டு நகர்ந்துவிடுங்கள், அந்தக் கையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். பிரண்டையில் பாலும் கிடையாது, முள்ளும் கிடையாது. கள்ளிமுளையானுக்கும் நான்கு பட்டை உண்டு, ஆனால் அது கொடி இல்லை. பிரண்டையின் கணுவில் ஒரு பக்கம் சிறிய இலை, எதிர்ப்பக்கம் கம்பிச்சுருள் போன்ற பற்றுக்கம்பி இருக்கும். அது இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஓலைப் பிரண்டை, உருண்டைப் பிரண்டை, முப்பிரண்டை என்று வேறு வகைகளும் இருக்கின்றன. புதியவர்கள் நாற்பட்டைப் பிரண்டையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நடுவது

விதை தேடி அலையாதீர்கள், தண்டு போதும். ஊருக்குப் போகும்போது வேலியிலிருந்து இரண்டு துண்டு ஒடித்து வாருங்கள். இல்லையென்றால் சந்தைக் கட்டிலேயே முற்றலாக, தடியாக இருப்பதை எடுத்து வையுங்கள். சமையலுக்கு ஆகாத முற்றல் தண்டுதான் நடுவதற்கு நன்றாக இருக்கும்.

ஒவ்வொரு துண்டிலும் மூன்று கணுவாவது இருக்கட்டும். வெட்டியதும் நடக்கூடாது. நிழலில் இரண்டு நாள் போட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு நடுங்கள். ஈரத்தோடு புதைத்தால் அடியிலிருந்து அழுகிக்கொண்டே வரும். என் முதல் இரண்டு துண்டும் அப்படித்தான் போயின.

12 அங்குல மண்தொட்டி போதும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு. அடித்துளையில் ஓட்டாஞ்சில்லு வைத்து மண்ணை நிரப்பி, ஒரு கணு மண்ணுக்குள்ளும் மற்றவை வெளியிலும் இருக்கும்படி குத்தி வையுங்கள். எது அடி, எது நுனி என்று குழம்பினால் துண்டைப் படுக்கவைத்து ஒரு கணுவை மண்ணில் அழுத்திவிட்டாலும் வேர் பிடித்துவிடும். ஒருமுறை தண்ணீர் தெளித்துவிட்டு மறந்துவிடுங்கள். மேல்கணுவில் புதுத்துளிர் வருவதுதான் வேர் விட்டதற்கு அடையாளம். தினமும் பிடுங்கி வேர் வந்ததா என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான் யாரையும் சொல்லவில்லை.

வளர்ப்பது

வெயில் நன்றாகப் படும் பால்கனிக் கம்பியோ மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோ இருந்தால் பற்றுக்கம்பியால் தானே பிடித்து ஏறிவிடும். தண்ணீர் மேல்மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான். கோடையில் வாரத்துக்கு இரண்டு முறை, மழைக்காலத்தில் உங்கள் பங்குக்கு எதுவுமே வேண்டாம். தொட்டியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வெயில் ஏறியதும் இலையெல்லாம் உதிர்ந்துவிடும். செடி செத்துவிட்டது என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள் சிலர். அப்போதுதான் அது உண்மையில் சாகும். பிரண்டை இலையை நம்பிப் பிழைப்பதில்லை. பச்சைத் தண்டே இலையின் வேலையைச் செய்கிறது. அதுவும் கள்ளி இனங்களைப் போலத் தந்திரமாக: இரவின் குளிர்ச்சியில் மூச்சுத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்துவைத்துக்கொள்ளும், பகலில் துளைகளை மூடிக்கொண்டு, உள்ளே இருக்கும் சரக்கை வைத்து வெயிலில் உணவு தயாரிக்கும். அதனால்தான் தண்ணீர் வீணாகாமல் மானாவாரி வேலியில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது.

பூச்சி என்றால் மாவுப்பூச்சி எப்போதாவது கணுவில் ஒட்டும். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினால் போகும். வாலருகே கொம்பு நீட்டிய தடித்த புழு ஒன்று வந்து ஒரே இரவில் துளிரைத் தின்றுவிடுவதும் உண்டு. அதற்கு மருந்து வேண்டாம், எடுத்துப் போடுங்கள். சாப்பிடப்போகும் தண்டில் எதையும் அடிக்காதீர்கள்.

பறிப்பது

கொடி நன்றாகப் படரும்வரை கை வைக்காதீர்கள். பிறகு ஒவ்வொரு கிளையிலும் நுனியிலிருந்து இரண்டு, மூன்று கணு மட்டும். சோதனை எளிது: வளைத்தால் வெண்டைக்காய் நுனிபோல் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து நார் இழுத்தால் முற்றல், விட்டுவிடுங்கள். நுனியை ஒடிக்க ஒடிக்கப் பக்கத்தில் புதுக்கிளை வரும். மழை விட்ட ஒரு வாரத்தில் பறிப்பதுதான் மெத்தென்று இருக்கும்.

ஆய்வது: இங்கேதான் பாதிப்பேர் தோற்கிறார்கள்

அரிப்புக்குக் காரணம் தண்டுக்குள் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். சேனையும் சேம்பும் அரிப்பதும் இதனால்தான். நாக்கில் மட்டுமல்ல, ஆயும்போதே கையில் குத்தும். எனவே முதல் வேலை இரண்டு கையிலும் நல்லெண்ணெய் தடவுவது. தோல் மென்மையானவர்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தண்டைக் கணுவுக்குக் கணு ஒடியுங்கள். கணுவை மேலும் கீழும் கொஞ்சம் சேர்த்தே வெட்டி எறியுங்கள். இலையும் பற்றுக்கம்பியும் அதோடு போகட்டும். மிச்சத் துண்டின் நான்கு விளிம்பிலும் நார் இருக்கும். கத்திமுனையால் கிளப்பி, அவரைக்காய்க்கு உரிப்பது போல இழுத்தால் வந்துவிடும். ரொம்ப இளசு என்றால் நாரே இருக்காது. பிறகு பொடியாக நறுக்கி, இரண்டு முறை அலசி, துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுங்கள். சிலர் புளித்த மோரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து எடுப்பார்கள். தண்டு கொஞ்சம் முற்றல் என்று தோன்றினால் நானும் அப்படிச் செய்வேன்.

அரைப்பது

நறுக்கிய பிரண்டை ஒரு கப்புக்கு: உளுத்தம்பருப்பு 2 மேசைக்கரண்டி, வற்றல் மிளகாய் 5, பெரிய நெல்லிக்காய் அளவு புளி, சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல் 2 மேசைக்கரண்டி, கல் உப்பு, நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி. எண்ணெயில் கை சுருக்காதீர்கள்.

இரும்புச் சட்டியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பெருங்காயத்தைப் பொரித்து, உளுந்தைப் பொன்னிறமாக வறுத்து, மிளகாயையும் கறிவேப்பிலையையும் வதக்கி எடுத்து வையுங்கள். மிச்ச எண்ணெயை ஊற்றிப் பிரண்டையைப் போட்டு, தீயைக் குறைத்து வதக்குங்கள். முதலில் நீர் விடும், பிறகு சுருங்கும், பச்சை நிறம் மங்கிப் பழுப்பு மஞ்சளாகும், ஓரங்கள் மொறுமொறுப்பாகும். பத்து நிமிடமாவது பிடிக்கும். ஐந்தாவது நிமிடத்திலேயே "வெந்துவிட்டது" என்று தோன்றும், நம்பாதீர்கள். கடைசியில் புளியைப் போட்டு இரண்டு புரட்டு, தேங்காயைப் போட்டு ஒரு புரட்டு, அடுப்பை அணையுங்கள்.

ஆறியதும் மிளகாய், உளுந்து, உப்பை முதலில் ஓட்டி, பிறகு பிரண்டையைச் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். தண்ணீர் தெளித்தால் போதும். முதலில் நாக்கு நுனியில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். லேசாகச் சுருக்கென்றால் இன்னும் கொஞ்சம் புளியும் எண்ணெயும் சேர்த்துச் சட்டியில் சுருள வதக்குங்கள். நன்றாகவே அரித்தால் அந்தத் துவையலைக் காப்பாற்ற முயலாதீர்கள், கொட்டிவிடுங்கள். சூடான சாதம், மேலே நல்லெண்ணெய், தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம். அந்த அப்பள மாவிலும் பழைய முறைப்படி பிரண்டைச் சாறு சேர்த்துப் பிசைவது உண்டு.

திவசச் சமையலில் பிரண்டைத் துவையல் கட்டாயம் இடம்பெறும் வீடுகள் உண்டு. அதற்கு ஒரு வேடிக்கைக் கதையும் சொல்வார்கள். விசுவாமித்திரர் திவசச் சாப்பாட்டுக்கு 1008 காய்கறி வேண்டும் என்று கேட்டாராம். வசிட்டர் வீட்டில் பாகற்காய், பிரண்டை, பலா, இவற்றோடு இன்னும் எட்டுக் காய் மட்டும் பரிமாறினார்கள். கேட்டதற்கு, பாகற்காய் நூறுக்குச் சமம், பிரண்டை முந்நூறுக்குச் சமம், பலா அறுநூறுக்குச் சமம் என்று சாத்திரம் சொல்கிறதே என்று பதில் வந்ததாம். கூட்டிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும்.

மருந்து என்று வரும்போது

பசியின்மை, செரியாமை, மூலம், எலும்பு முறிவு என்று சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் பிரண்டைக்குப் பெயர் உண்டு. ஆயுர்வேதத்தில் எலும்பு முறிவுக்குக் கொடுக்கும் லாக்ஷாதி குக்குலுவில் அரக்கு, மருதம்பட்டை, அசுவகந்தா, நாகபலா, குக்குலு இவற்றோடு அஸ்திசம்ஹாரமும் சேர்கிறது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் கே.என். உடுப்பாவும் ஜி.சி. பிரசாத்தும் 1960களிலேயே முறிந்த எலும்பு கூடுவதில் பிரண்டையின் விளைவை விலங்குகளில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். விலங்குகளில் கண்டதை அப்படியே நம் காலுக்குப் பொருத்திவிட முடியாது. "தினமும் பிரண்டை சாப்பிடுகிறேன், மூட்டு தேறிவிட்டது" என்று வீடியோக்களில் வரும் கதைகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. துவையல் துவையலாகவே நன்றாக இருக்கிறது.

சுளுக்குக்குப் பிரண்டைச் சாற்றில் புளியும் உப்பும் சேர்த்துக் குழம்புபோல் காய்ச்சி, பொறுக்கும் சூட்டில் பற்றுப் போடுவது எங்கள் வீட்டிலும் பழக்கம். தோல் வெந்துவிடாமல், புண் இல்லாத இடத்தில் மட்டும். ஆனால் விழுந்து அடிபட்டு வீங்கினால் முதலில் எக்ஸ்ரே, பிறகுதான் பற்று.

பச்சைச் சாற்றை வெறும் வயிற்றில் குடிப்பது, பிரண்டையை எரித்து உப்பு எடுப்பது எல்லாம் வீட்டில் வேண்டாம். அதற்கு அளவும் பக்குவமும் தெரிந்த வைத்தியர் வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பொடியோ மாத்திரையோ தொடங்காதீர்கள். முதல்முறை சாப்பிடும் யாரானாலும் துவையல் ஒரு கவளத்துக்கு மட்டும்.

ஆச்சி கடைசியாகச் சென்னைக்கு வந்தபோது என் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். ஊரில் பிள்ளைகளைத் திட்டும்போது "பெத்த வயித்துல பிரண்டையத்தான் கட்டணும்" என்பார்களே, அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, "அதுக்காவது ஆகும்னு வளக்கியோ?" என்றாள். பிறகு துவையலை ஒரு விரலால் வழித்து வாயில் வைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்தாள். "அரிக்கல" என்றாள். "உப்பு பத்தாது."